எட்டுப் பேர், ஒரு மனை: ஃபோர்ட் வில்டர்னஸில் கூடாரம் போடலாமா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் எட்டுப் பேராக ஃப்ளோரிடா போகிறார்கள். கணவன், மனைவி, 5, 9, 14 வயதில் மூன்று பிள்ளைகள், 68 வயது மாமியார், தம்பி, தம்பி மனைவி. டிஸ்னி வேர்ல்டில் ஹோட்டல் வாடகையைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டதாம். அதே வளாகத்துக்குள் இருக்கும் ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமில் கூடாரம் போட்டால் காசு மிச்சமாகுமா, அத்தைக்குச் சரிப்படுமா, நாமே சமைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

நான் பினாங்கு, ஆயர் ஈத்தாம். அந்த முகாமில் இரண்டு தடவை தங்கியிருக்கிறேன், முதல் தடவை கூடாரத்தில், அடுத்த தடவை புத்தி வந்து வாடகை டிரெய்லரில், அதாவது வண்டியில் இழுத்துப் போகும் சக்கர வீட்டில். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சமைக்கலாம், தாராளமாக. அத்தையைக் கூடாரத்தில் படுக்க வைக்காதீர்கள். காசு மிச்சமாவது நீங்கள் டிஸ்னியின் கேளிக்கைப் பார்க்குக்கு எத்தனை நாள் போகாமல் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கடைசி வரியை யாரும் நம்புவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தின் அளவு. டிஸ்னி வேர்ல்டு மொத்தம் ஏறக்குறைய 25,000 ஏக்கர், அதாவது எங்கள் பினாங்குத் தீவில் மூன்றில் ஒரு பங்கு. நான்கு பெரிய பார்க்குகள் அதற்குள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஃபோர்ட் வில்டர்னஸ் மட்டுமே 750 ஏக்கர். உங்கள் பெர்டானா தாவரவியல் பூங்காவை மூன்று தடவை உள்ளே போட்டாலும் இடம் மிஞ்சும். 1971 நவம்பரில் திறந்தார்கள், முதல் பார்க்கான மேஜிக் கிங்டம் திறந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது அப்போது. பைன் மரக் காட்டுக்குள் வளைய வளையச் சாலைகள். ஒவ்வொரு வளையத்தையும் லூப் என்கிறார்கள், எண் போட்டிருக்கிறார்கள். லூப்பின் இரு பக்கமும் மனை மனையாகப் பிரித்த இடங்கள், மொத்தம் சுமார் 800.

ஒரு மனையில் என்ன இருக்கும்? வண்டி நிறுத்தத் தார் அல்லது சிமெண்டுத் தளம், கூடாரம் அடிக்க மண் தரை, மரமேசை, கரி அடுப்பு, தண்ணீர்க் குழாய், மின்சாரம். ஒரு மனைக்குப் பத்துப் பேர் வரை அனுமதி. வாடகை ஆள் கணக்கில்லை, மனைக் கணக்கு. எட்டுப் பேர் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் ஹோட்டலில் நீங்கள் குறைந்தது இரண்டு அறை எடுக்க வேண்டியிருக்கும். அதே முகாமில் கேபின் என்று சிறு வீடுகளும் உண்டு, 2024இல் புதிதாகக் கட்டியவை. நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு கேபினில் ஆறு பேர்தான். எட்டுப் பேருக்கு இரண்டு கேபின் என்றால் நீங்கள் எந்த விலையைப் பார்த்து ஓடி வந்தீர்களோ அங்கேயே திரும்பிப் போய் நிற்பீர்கள்.

கழிவறை, குளியலறை லூப்புக்குள்ளேயே பொதுக் கட்டடமாக இருக்கும். ஏர்கோன், சுடுதண்ணீர், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் உண்டு. நம் ஊர் முகாம்களில் டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு குளித்தவர்களுக்கு அது நட்சத்திர ஹோட்டல். ஒரே ஒரு குறை, அமெரிக்கா முழுக்க உள்ள குறை: கழிவறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது, காகிதம்தான். ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் விட்டதற்கு என் அம்மா இன்றுவரை என்னைச் சும்மா விட்டதில்லை.

அந்தக் கட்டடம் உங்கள் மனையிலிருந்து நூறு அடியிலும் இருக்கலாம், ஐந்து நிமிட நடையிலும் இருக்கலாம். பகலில் இது ஒன்றுமில்லை. இரவு இரண்டு மணிக்கு, 68 வயதில், கூடாரத்தின் ஜிப்பைத் தேடித் திறந்து, செருப்பைத் தேடிப் போட்டு, குளிரில் நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

குளிர் என்றேனே, அதுதான் நீங்கள் யோசிக்காத விஷயம் என்று நினைக்கிறேன். ஃப்ளோரிடா வெயில் ஊர்தான், ஆனால் டிசம்பரில் இரவு 10 டிகிரி சாதாரணம். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாள்களில் 4, 5 டிகிரிக்கும் போகும். முதல் தடவை நாங்கள் போனபோது அப்படி ஓர் இரவு மாட்டியது. கேமரன் மலைக்கு வாங்கிய ஸ்வெட்டர் போதும் என்று நினைத்திருந்தோம். காற்றடைத்த மெத்தைதான் கழுத்தறுத்தது. நம் ஊரில் அது சுகம். அங்கே மெத்தைக்குள் இருக்கும் காற்று தரையோடு சேர்ந்து குளிர்ந்துபோய், படுத்தவர் உடம்புச் சூட்டைக் கீழிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போட்டாலும் முதுகு ஜில்லென்றுதான் கிடக்கும். விடியற்காலை மூன்று மணிக்குப் பிள்ளைகளின் டிஸ்னி அட்டைப்பெட்டிகளைப் பிரித்து முதுகுக்குக் கீழே பரப்பினேன். அதற்குப் பிறகுதான் தூக்கம். ஆகவே மெத்தைக்கு மேலே நுரைப்பாய் ஒன்று கட்டாயம், போர்வை அப்புறம். அடுப்புக் கரி மிச்சமிருக்கிறதே என்று கூடாரத்துக்குள் மட்டும் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். கரிப்புகையில் மணமில்லாத விஷம் உண்டு, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

எனவே என் யோசனை இது. 'ஃபுல் ஹூக்கப்' என்று ஒரு வகை மனை இருக்கிறது, தண்ணீர், மின்சாரத்தோடு கழிவுநீர் இணைப்பும் உள்ளது. அதில் ஒரு டிரெய்லரும் கூடவே ஒரு கூடாரமும் போடலாம். ஆர்லாண்டோவில் டிரெய்லரை வாடகைக்கு விட்டு, மனையிலேயே கொண்டுவந்து நிறுத்தி, எல்லா இணைப்பையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். நீங்கள் இழுத்துக்கொண்டு ஓட்ட வேண்டியதில்லை. அத்தையும் சின்னவனும் நீங்கள் இருவரும் டிரெய்லரில். உள்ளேயே கழிவறை, சூடேற்றி. தம்பியும் அவர் மனைவியும் பெரிய பிள்ளைகளும் கூடாரத்தில். 14 வயசுக்குக் கூடாரம்தான் பிடிக்கும், அம்மா அப்பாவிடமிருந்து பத்தடி தூரம் என்பதே அந்த வயதில் ஒரு வெளிநாட்டுப் பயணம். பதிவு செய்யும்போது மனை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கூடார மனையை எடுத்துவிட்டு டிரெய்லரைக் கொண்டுவர முடியாது.

இப்போது சமையல். எனக்குப் பிடித்த பகுதி.

முதல் தடவை வீட்டு ரைஸ் குக்கரைத் துணிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுபோனேன். பிளக்குக்கு அடாப்டரும் வாங்கியிருந்தேன், ரொம்பக் கெட்டிக்காரன் என்ற நினைப்பு. அரிசி கழுவிப் போட்டு, பட்டனை அழுத்தினேன். சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால், அரிசி வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கிறது. நம் மின்சாரம் 240 வோல்ட், அவர்களுடையது 120. அடாப்டர் பிளக்கின் காலை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. வோல்ட் பாதியானால் சூடேற்றும் சாதனத்தின் சக்தி பாதியாகக் குறையாது, நாலில் ஒன்றாகிவிடும். 700 வாட் குக்கர் அங்கே 175 வாட் தேநீர்ச் சூடாக்கி. கைப்பேசி சார்ஜரில் 100–240 என்று எழுதியிருக்கும், அது பிரச்சினை இல்லை. குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, போன முதல் நாளே வால்மார்ட்டில் ஒரு சின்ன குக்கர் வாங்குங்கள். திரும்பும்போது பக்கத்து மனைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வரலாம். நான் அப்படித்தான் செய்தேன், அவர் அதில் ஓட்ஸ் கிண்டப் போவதாகச் சொன்னார்.

கேஸ் டின்னும் அப்படித்தான். நாம் கேம்பிங்குக்கு எடுத்துப்போகும் பியூட்டேன் டின்னை விமானத்தில் ஏற்ற முடியாது, பெட்டியிலும் சரி, கைப்பையிலும் சரி. அங்கே கோல்மேன் வகை அடுப்புக்குப் பச்சை நிறத்தில் குண்டாக புரொப்பேன் சிலிண்டர் விற்கிறார்கள், சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். அடுப்பையும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.

கறிவேப்பிலை. இதற்கு ஒரு தனிப் பத்தி வேண்டும், ஏனென்றால் அத்தை கட்டாயம் ஒரு கொத்து வாழையிலையில் சுருட்டி வைப்பார். வேண்டாம். அமெரிக்கச் சுங்கத்தில் பறிமுதல் செய்வார்கள், சொல்லாமல் மறைத்தது தெரிந்தால் அபராதமும் உண்டு. ஓர் இலைக்கு ஏன் இவ்வளவு அமளி? கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சுக்குச் சொந்தக்காரச் செடி. அதில் ஒட்டிக்கொண்டு வரும் சின்னஞ்சிறு தத்துப்பூச்சி ஒன்று ஆரஞ்சு மரத்துக்கு ஒரு பாக்டீரியா நோயைப் பரப்புகிறது. அந்த நோய் 2005இல் ஃப்ளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2003–04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில், 2022–23 பருவத்தில் 2 கோடிப் பெட்டிகூட விளையவில்லை. புயலும் வீடு கட்டும் ஆசையும் அதில் பங்கு சேர்ந்தன, ஆனால் பெரிய அடி அந்த நோய்தான். அதனால் அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆர்லாண்டோவில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. பருப்பு, புளி, தோசை மாவு என்று எல்லாம் கிடைக்கும்.

இங்கிருந்து கொண்டுபோக வேண்டியது மசாலாத் தூள்தான். பாபாஸ் மீன் கறி மசாலாவும் இறைச்சி மசாலாவும் பிரிக்காத பாக்கெட்டாக, ரசப்பொடி, அப்பளம், ஊறுகாய் ஒரு பாட்டில். செருண்டிங், உப்புக்கண்டம், எந்த உருவிலும் இறைச்சி வேண்டாம். உணவுப்பொருள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். சொன்னவர்களிடம் பெட்டியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

பார்க்குக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக விடுவார்களா என்றால், விடுவார்கள். கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் கூடாது. காலையில் புளிச்சாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு போனால் மதியம் எட்டுப் பேர் சாப்பாட்டுச் செலவு மிச்சம். ஒரு வேளை வெளியே சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால், அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் சனா என்றொரு உணவகம். ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய வாசம். 'நான்' ரொட்டி வகைகளோடு கிண்ணம் கிண்ணமாகத் தொட்டுக்கைகள் கொண்டுவந்து வைப்பார்கள், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். அத்தைக்கு அது ஒரு கதை, ஊரில் வந்து சொல்ல.

இனி நீங்கள் கணக்குத் தவறும் இடம். பார்க்குக்குள்ளேயே தங்குகிறோம், எழுந்தால் பார்க் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. முகாமுக்குள் சொந்த வண்டியில் சும்மா சுற்றித் திரிய முடியாது, படகுத்துறைப் பக்கம் நிறுத்தவும் இடமில்லை. உங்கள் லூப்பிலிருந்து உள்பேருந்து பிடித்து, பேருந்து நிலையத்துக்கோ படகுத்துறைக்கோ போய், அங்கிருந்து பார்க்குக்கு அடுத்த வண்டி. எட்டுப் பேரும், ஒருவர் தொப்பியை மறந்து திரும்பி ஓடுவதும் சேர்த்தால், மனையிலிருந்து பார்க் வாசலுக்கு ஒரு மணி நேரம் என்று வையுங்கள். இதற்காகத்தான் கோல்ஃப் வண்டி வாடகைக்கு விடுகிறார்கள். அத்தை இருப்பதால் அதை எடுங்கள், ஆனால் மனையைப் பதிவு செய்யும் அன்றே வண்டிக்கும் சொல்லி வையுங்கள், ஆண்டிறுதியில் மிஞ்சாது.

மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் படகில் போங்கள். வண்டியில் போனால் ஏரிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு மறுபடியும் மோனோரயிலோ ஃபெரியோ ஏற வேண்டும். முகாமிலிருந்து போகும் படகு வாசலிலேயே இறக்கிவிடும். எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் மூன்றுக்கும் உங்கள் வாடகை வேனிலேயே போங்கள். வளாகத்தில் தங்குகிறவர்களுக்குப் பார்க்குகளில் வண்டி நிறுத்தக் கட்டணம் இல்லை. விமான நிலையத்திலிருந்து முன்பு ஓடிய இலவசப் பேருந்து 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது, ஆகவே வேன் எப்படியும் தேவை.

டிக்கெட் மனை வாடகையில் சேராது. மூன்று வயது முடிந்தால் டிக்கெட், பத்து வயதிலிருந்து பெரியவர் விலை. விலை தேதிக்குத் தேதி மாறும், ஆண்டிறுதியில் உச்சம். ஆளுக்கு 150 டாலர் என்றே வைத்தாலும் எட்டுப் பேருக்கு ஒரு நாள் 1,200 டாலர், ஏறக்குறைய 5,000 ரிங்கிட். பல நாள் டிக்கெட்டில் ஒரு நாள் விலை குறையும், அந்தக் குறைப்பில் மயங்கித்தான் எல்லோரும் ஆறு நாள் வாங்குகிறார்கள். நீங்கள் கூடாரம் அடித்து மிச்சம் பிடித்ததை அங்கே இரண்டே நாளில் விட்டுவிடுவீர்கள். ஏழு நாள் தங்கினால் மூன்று நாள் பார்க் போதும். அதுவும் அடுத்தடுத்த நாள் வேண்டாம், ஒன்று விட்டு ஒரு நாள். அத்தை மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் வரட்டும், உள்ளே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், கூச்சப்படாமல் எடுங்கள். பார்க் இல்லாத ஒரு நாளில் ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் காசல்பெர்ரியில் உள்ள இந்துக் கோயிலுக்கு ஒரு நடை போய் வரலாம்.

மீதி நாள்களில் முகாமில் என்ன செய்வது? அதற்காகத்தான் அங்கே தங்குவதே. நீச்சல் குளங்கள், குதிரைத் தொழுவம், சைக்கிள், ஏரியில் மீன்பிடி. ஏரியில் இறங்கிக் குளிக்க மட்டும் தடை, முதலை உண்டு. சின்னவனிடம் கண் வையுங்கள். சாயங்காலம் திடலில் பொதுக் கேம்ப் ஃபயர், பாட்டு, டிஸ்னி கார்ட்டூன் அணில்களான சிப்பும் டேலும் வந்து பிள்ளைகளோடு ஆடும், பிறகு வெட்டவெளியில் படம் போடுவார்கள், காசில்லை. மார்ஷ்மெல்லோ வாட்டலாம். அமெரிக்க மார்ஷ்மெல்லோவில் இருப்பது பெரும்பாலும் பன்றி ஜெலட்டின், சைவக்காரர்கள் பாக்கெட்டைப் படித்துக்கொள்ளுங்கள். இரவில் ஏரிக்கரைக்கு வந்தால் விளக்கு அலங்காரத்தோடு கடல் பாம்பும் திமிங்கலமும் தண்ணீரில் வரிசையாக மிதந்து போகும். 1971இலிருந்து போய்க்கொண்டிருக்கும் ஊர்வலம், எங்கள் பக்கத்துத் தைப்பூச இரதம் தண்ணீரில் வந்தால் எப்படியிருக்குமோ அப்படி. வானவேடிக்கைக்குக் காசு கொடுத்தவர்கள் எல்லாம் பார்க்கில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, நாங்கள் மணலில் பாய் விரித்துச் சுக்குமல்லிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

டிசம்பரில் இன்னொன்று. அங்கே வருகிறவர்கள் மனையை அலங்கரிப்பதில் போட்டி போடுவார்கள், ஆளுயரப் பொம்மைகள், மரத்துக்கு மரம் விளக்கு. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் பார்த்தால், டிரெய்லர் வாசலில் சிமெண்டுத் தளத்தில் அரிசி மாவுக் கோலம், பதினைந்து புள்ளி. கோல்ஃப் வண்டிகள் நின்று நின்று போயின. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி கீழே உட்கார்ந்து புள்ளியை எண்ணினார். இரவில் யாரோ அதை நக்கியிருந்தார்கள், ரக்கூன் என்று நினைக்கிறேன். ஆமாம், அதைச் சொல்ல வேண்டும். தெலுக் பஹாங்கில் குரங்கு எப்படியோ அங்கே ரக்கூன் அப்படி. வித்தியாசம், இது ராத்திரி டியூட்டி. சாப்பாட்டுப் பெட்டியை வேனுக்குள் பூட்டி வையுங்கள்.

காகித வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டும், விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 185 டாலர், நேர்காணல் ஜாலான் துன் ரசாக்கில். நேர்காணல் தேதிக்கே காத்திருக்க வேண்டியிருப்பதால் முதல் வேலை அதுதான். அதற்குமுன் திரும்பக் கிடைக்காத எதற்கும் பணம் கட்டாதீர்கள். ஓட்டுகிறவர் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் அனைத்துலக உரிமம் எடுத்துக்கொள்ளட்டும். மருத்துவக் காப்புறுதி இல்லாமல் அத்தையை விமானம் ஏற்ற வேண்டாம். அப்புறம் தேதி: கிறிஸ்துமஸ் வாரமும் புத்தாண்டும் ஆண்டிலேயே மோசமான கூட்டம். விடுமுறை தொடங்கியதும் கிளம்பி கிறிஸ்துமஸுக்கு முன்பே திரும்பிவிட முடிந்தால் வாடகையும் வரிசையும் இரண்டும் குறையும், விளக்கு அலங்காரமும் பார்த்துவிடலாம்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். உங்கள் எட்டுப் பேரில் கூடாரத்தில் படுத்தவர் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த மாதமே ஒரு வெள்ளிக்கிழமை ஜண்டா பாய்க்கோ உலு லங்காட்டுக்கோ போய் இரண்டு இரவு தங்கிப் பாருங்கள், அதே எட்டுப் பேர், அதே அளவு கூடாரம். அத்தையும் வரட்டும், அவருக்கு மட்டும் பக்கத்தில் ஒரு சாலே எடுத்துக்கொடுங்கள். மழை பிடித்தால் நல்லது, ஒத்திப்போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பும் வழியில் வண்டிக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கவனித்துவிட்டு, அப்புறம் மனையைப் பதிவு செய்யுங்கள்.